காணிக்கைக் கணக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பெரிய காஞ்சிபுரத்தில் எடைக்கும் அளவைக்கும் வசூலான கூலி, 10-ஆம் நூற்றாண்டிலேயே ஊரகத்துப் பெருமாளின் வருமானமாக இருந்தது. இன்று உலகளந்த பெருமாள் கோயில் என்று வழங்கும் கோயில்தான் அது. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு இதைச் சொல்கிறது. கோயில் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு நகரத்தின் நெசவாளர் குடியிருப்புகளிடம் விடப்பட்டதும் அதே செப்பேட்டில் இருக்கிறது. சாமிக்கு எவ்வளவு, கணக்கு யார் கையில் என்பது இந்த ஊருக்குப் பழைய கேள்வி.

இதே ஊரில் சிறு எண்ணிக்கையில் வாழும் கிறிஸ்தவர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு: ‘அவங்க சம்பளத்துல பத்துல ஒண்ணு சர்ச்சுக்குக் கட்டியாகணுமாம்.’ கிறிஸ்தவர்களிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நம்பிக்கை: எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் தசமபாகம் கட்டாயம்.

உண்மை: எந்தச் சபை என்பதைப் பொறுத்தது. காஞ்சிபுரம் கத்தோலிக்கர்கள் 2002-இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கும் பொருந்தும் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 222-ஆம் விதி, திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை என்கிறது. எத்தனை சதவீதம் என்று சொல்லவில்லை. திருப்பலிக் கருத்துக்கான காணிக்கையை ஆயர்கள் கூடித் தீர்மானிப்பார்கள். பணமில்லாத ஏழைக்கு அருள்சாதனங்களை மறுக்கக் கூடாது என்பதை 848-ஆம் விதி தனியே எழுதி வைத்திருக்கிறது. தென்மாவட்டக் கத்தோலிக்க ஊர்களில் திருவிழாவுக்கு வசூலாகும் தலைக்கட்டு வரி, ஊர் கூடிப் போடும் கணக்கு; திருச்சபைச் சட்டம் அல்ல.

தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ. சபைகளில் முதலில் வருவது சந்தா. அதன் மேல் ஞாயிறு காணிக்கை, பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை, அறுப்பின் பண்டிகை ஏலம் என்று அடுக்கிக்கொண்டே போகும். தசமபாகத்தை அழுத்தமாகப் போதிப்பவை பெரும்பாலும் பெந்தெகொஸ்தே சபைகளும் தனிச் சபைகளும்தான்.

ஜெர்மனியில் நிலைமையே வேறு. அங்கே சபைக்கான வரியை அரசே பிடித்துக் கொடுக்கிறது. அது வருமானத்தில் 8, 9 சதவீதம் அல்ல; கட்டும் வருமான வரியில் அவ்வளவு.

நம்பிக்கை: சம்பளத்தில் பத்து சதவீதம் என்று வேதாகமத்திலேயே இருக்கிறது.

உண்மை: மோசேயின் சட்டம் தசமபாகம் கேட்பது நிலத்தின் விளைச்சலிலும் ஆடுமாடுகளிலும். வழிபாட்டுப் பணிக்கென ஒதுக்கப்பட்ட லேவியர்களுக்கு நிலப்பங்கு கிடையாது. அதனால் மற்ற கோத்திரத்தார் பத்தில் ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தார்கள். லேவியர்கள் அதிலும் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுத்தார்கள். தச்சருக்கும் கூலியாளுக்கும் அந்தச் சட்டத்தில் வாய்பாடு எதுவும் இல்லை.

உபாகமம் 14-ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் இன்னும் ஆச்சரியம். தசமபாகத்தைப் பரிசுத்த இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவரே குடும்பத்தோடு அங்கே சாப்பிட வேண்டும். தூரம் அதிகமானால் விற்றுக் காசாக்கிக்கொண்டு போய், மனதுக்குப் பிடித்ததை அங்கே வாங்கிச் சாப்பிடலாம். மூன்றாம் வருடத்துப் பங்கு உள்ளூரிலேயே லேவியருக்கும் அந்நியருக்கும் அநாதைகளுக்கும் விதவைகளுக்கும்.

புதிய ஏற்பாட்டில் பவுல் சபைகளுக்குச் சொன்னது சதவீதம் அல்ல. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்கச் சொன்னார். கட்டாயத்தால் கொடுக்க வேண்டாம் என்றார். தசமபாகம் அரசாணையானது பிற்காலத்தில். 779-இல் மன்னர் சார்லமேன் அதைச் சட்டமாக்கினார். புரட்சி வெடித்த 1789-இல் பிரான்ஸ் அதை ஒழித்தது.

நம்பிக்கை: பத்தில் ஒன்று என்றால் கணக்கு சுலபம்.

உண்மை: மாதச் சம்பளக்காரருக்கே அது சுலபமில்லை. பி.எஃப்., வரி, வீட்டுக் கடன் எல்லாம் போன பிறகு கைக்கு வருவதில் பத்தில் ஒன்றா, பிடித்தத்துக்கு முந்தைய தொகையிலா? சபைக்குச் சபை பதில் மாறும்.

தறிக் கூலியில் வாழும் குடும்பத்துக்குச் சிக்கல் இன்னும் பெரிது. காஞ்சிபுரத்தில் கூலி சேலைக் கணக்கில் வருகிறது. கோர்வைச் சேலையானால் கரைக்கு நாடா போட இன்னோர் ஆள் வேண்டும். அவருக்குக் கூலி உண்டு. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழியும். மழைக்காலத்தில் தெருவில் பாவு விரிக்க முடியாது, தறிக்குழியில் ஈரம் ஏறும், சேலை இறங்கத் தாமதமாகும். அந்த மாதத்தில் ‘வருமானம்’ என்று எதைச் சொல்வது?

நாள்கூலி வாங்கும் வீடுகளில் சதவீதக் கணக்கைவிட வேறு வழக்கங்களே அதிகம் கைகொடுக்கின்றன. முதல் சம்பளத்தை முழுதாகப் படைப்பது, நேர்ந்துகொண்ட தொகையைச் செலுத்துவது, வாரம் ஒரு தொகையைக் கவரில் போட்டு எடுத்துவைப்பது என்று அவை பலவகை.

நம்பிக்கை: கொடுத்தால் பல மடங்காகத் திரும்பி வரும்.

உண்மை: இதற்கு எடுத்துக்காட்டப்படும் பழைய ஏற்பாட்டின் மல்கியா 3-ஆம் அதிகாரம், எருசலேம் ஆலயப் பண்டகசாலைக்குச் சேர வேண்டிய விளைச்சலைக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட மக்களைக் கண்டிக்கும் பகுதி. காணிக்கையை ‘விதை’ என்று சொல்லி, அறுவடையாகப் பணத்தை எதிர்பார்க்கும் பேச்சைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பிரசங்கியார் ஓரல் ராபர்ட்ஸ். தொலைக்காட்சி வழியாக அது தமிழுக்கும் வந்து சேர்ந்தது. 2010-இல் கேப் டவுனில் கூடிய உலக இவாஞ்சலிக்கல் தலைவர்களின் அறிக்கை இந்தச் ‘செழிப்பு உபதேசத்தை’ வெளிப்படையாக நிராகரித்திருக்கிறது. எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை.

நம்பிக்கை: சபைகள் ஓடுவது வெளிநாட்டுப் பணத்தில், உள்ளூர்க் காணிக்கை பெயருக்குத்தான்.

உண்மை: பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கட்டியதில் வெளிநாட்டு மிஷன்களின் பங்கு பெரியது. ஆனால் திருநெல்வேலி கிறிஸ்தவர்கள் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது வகுத்துக்கொண்ட கொள்கை, ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியாவுடையதாகவே இருக்க வேண்டும் என்பது. அந்தப் பணத்தில் தெலுங்கு பேசும் டோர்னக்கல் பகுதிக்குத் தமிழர்களை ஊழியத்துக்கு அனுப்பினார்கள். சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளை வே. ச. அசரியா. 1912-இல் டோர்னக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். கிறிஸ்தவர்கள் கொடுப்பது பற்றித் தனிப் புத்தகமே எழுதியவர்.

இந்த உள்ளூர்க் காணிக்கை பணக்காரர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது வீட்டுப் பெண்களின் காணிக்கை. வீட்டுச் செலவுக்குக் கையில் காசே கொடுக்கப்படாத பெண்களுக்கும் அது கைக்கெட்டும் வழியாக இருந்தது. மிசோரம் பிரஸ்பிட்டீரியன் சபையில் இந்தப் பிடியரிசி இன்றும் பெரிய வருமானம்.

வெளிநாட்டு நிதியின் மேல் சட்டமும் இறுகியிருக்கிறது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அது புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். ஒரு நிறுவனம் பெற்றதை இன்னொன்றுக்கு மாற்றித் தரவும் முடியாது.

நம்பிக்கை: காணிக்கைக்கு வரிச் சலுகை உண்டு, அதனால்தான் கொடுக்கிறார்கள்.

உண்மை: உள்ளூர் சபைக்குப் போடும் ஞாயிறு காணிக்கைக்குப் பொதுவாக நன்கொடைக்கான வரிச் சலுகை கிடையாது. ஒரு குறிப்பிட்ட மதத்தாரின் நன்மைக்கென நடக்கும் அறக்கட்டளைக்கு அந்தச் சலுகைக்கான அனுமதி கிடைக்காது. பொதுச் சேவைக்கான அறக்கட்டளைக்குக் கொடுத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு எதுவுமே இல்லை.

நம்பிக்கை: பத்தில் ஒன்றுதான் உச்சம்.

உண்மை: அரசு உதவி பெறும் பள்ளிகளில் பாடம் நடத்தும் கத்தோலிக்கக் கன்னியர் பலர் முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். வறுமை வார்த்தைப்பாடு எடுத்தவர் உழைத்துப் பெறுவது அவரது துறவற சபையைச் சேரும் என்பது திருச்சபைச் சட்டம். கையில் நிற்காத பணத்துக்கு வரி எதற்கு என்று அவர்கள் தரப்பு வாதாடியது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. சம்பளம் யார் பெயரில் வருகிறதோ, அவர் வருமானமே அது. ஆகவே வரி பிடித்தம் போக மிச்சம்தான் இப்போது துறவற சபைக்குப் போகிறது.