சத்தியமும் ஒப்பந்தமும்

விடுமுறையில் ஊருக்குச் சென்று திருப்பதி போனவர்கள், சித்தூருக்கு அருகே காணிப்பாக்கத்திலும் இறங்கியிருப்பீர்கள். பாகுதா ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சுயம்பு விநாயகர் சத்தியத்துக்குப் பேர்போனவர். கொடுக்கல் வாங்கலில் தகராறு வந்தால், குளத்தில் முழுகி எழுந்து அவர் முன்னால் சத்தியம் செய்யச் சொல்வார்கள். அங்கே பொய் சொல்ல நா எழாது என்பது நம்பிக்கை. ஆந்திர அரசியல்வாதிகளும் ஒருவரையொருவர் "காணிப்பாக்கம் வா" என்று அழைப்பதுண்டு.

"பணம் வாங்கினேன், வாங்கவில்லை" என்பதற்கு இது சரி. ஒரு சுரங்கமோ உருக்காலையோ "இந்த ஆண்டு நன்றாக உழைப்போம்" என்று வாக்குக் கொடுத்தால் அதை எப்படிச் சோதிப்பது?

நம் நாட்டுப் பொதுத்துறை நிறுவனங்களின் பழைய நோய் இதுதான். அமைச்சகம் ஒரு நாள் "லாபம் எங்கே?" என்று கேட்கும். மறுநாள் "விலையை ஏற்றாதே, ஆட்களைச் சேர்" என்று சொல்லும். நிர்வாகி எதைச் செய்தாலும் குற்றம். செய்யாமல் விட்டால் அதற்கும் ஒரு சாக்கு கைவசம் இருக்கும். 1984இல் அர்ஜுன் சென்குப்தா குழு இதற்கு ஒரு மருந்து சொன்னது. பிரான்சில் 1967ஆம் ஆண்டு நோரா அறிக்கைக்குப் பின் வந்த முறையைப் போல, அரசும் நிறுவனமும் எழுத்தில் உடன்பாடு செய்துகொள்ள வேண்டும் என்றது. 1980களின் பிற்பகுதியில் 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' என்ற பெயரில் அது நடைமுறைக்கு வந்தது. நமக்குத் தெரிந்த நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமும் நிலக்கரி அமைச்சகத்தோடு இப்படி ஒப்பமிடுகிறது.

முதலில் எழுதியவை வெறும் பட்டியல்கள். பத்து இலக்குகளில் எது முக்கியம் என்று அவற்றில் இல்லை. பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் எடை வைத்து, 1 (மிகச் சிறப்பு) முதல் 5 (மோசம்) வரை தரம் போட்டார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உற்பத்திக்கு எடை 60 விழுக்காடு, செலவுக் குறைப்புக்கு 40 என்று வைப்போம். உற்பத்தியில் தரம் 1, செலவில் 3 என்றால் கூட்டுத் தரம் 0.6 + 1.2 = 1.8. எடையை மாற்றி 40, 60 என்று வைத்தால் அதே வேலைக்குத் தரம் 2.2 ஆகிவிடும். ஆக, அரசின் திட்டம் மேடைப் பேச்சில் இல்லை, இந்த எடைகளில்தான் இருக்கிறது.

இதிலும் ஓட்டை உண்டு. கேள்வித்தாளை மாணவனே தயாரித்தால் எல்லோரும் முதல் வகுப்புதான். இலக்கைத் தாழ்த்தி வைத்து 'மிகச் சிறப்பு' வாங்கலாம். அதனால்தான் இலக்குகளைப் பேசி முடிக்க வெளி வல்லுநர் குழு வைத்தார்கள். 2007 ஊதிய மாற்றத்துக்குப் பின் அதிகாரிகளின் ஊக்கத்தொகையும் இந்தத் தரத்தோடு சேர்ந்துகொள்ள, ஆசை இன்னும் கூடிவிட்டது.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. காணிப்பாக்கத்தில் இரு தரப்பும் வந்து நிற்க வேண்டும். இங்கே, அனுமதியைக் காலத்தில் தருகிறேன் என்று அமைச்சகம் சொல்லித் தராமல் போனால் அதற்கு யார் மதிப்பெண் குறைப்பது?

2009இல் மத்திய அரசு துறைகளுக்கே இம்முறையைக் கொண்டுவந்தது. அமைச்சரும் துறைச் செயலரும் ஒப்பமிட்டார்கள்; ஆண்டு முடிவில் துறைக்கே மதிப்பெண் போட்டார்கள். 2014 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அது நின்றுபோனது. நிறுவனங்களுக்கான ஒப்பந்தம் மட்டும் தொடர்ந்தது.