விளக்கும் கணக்கும்

பிணியுற்றார்க்கு அருகிருந்து பணி புரிதல் பேரறம். அப்பிணி பிறரைப் பற்றாவண்ணம் அதன் வேரைக் களைதல் அதனினும் பெரிய அறம். இவ்விரண்டு அறங்களையும் ஒருங்கே ஆற்றியவர் புளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுப் புளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே அவருக்கும் பெயராயிற்று. செவிலியர் தொழிலை உலகம் இழிவாக எண்ணிய காலம் அது. பெற்றோர் தடுத்தும் அவர் அத்தொழிலையே விரும்பிக் கற்றார்.

1854ஆம் ஆண்டு கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. துருக்கி நாட்டு ஸ்கூட்டாரியில் இருந்த ஆங்கிலப் படையினரின் மருத்துவமனைக்கு, நவம்பர்த் திங்களில் 38 செவிலியருடன் அம்மையார் சென்று சேர்ந்தார். அங்கே வீரர்கள் மாற்றுடையும் நல்லுணவும் இன்றி வாடினர். அம்மையார் அவற்றைத் தேடிக் கொணர்ந்தார். இரவில் கைவிளக்கு ஏந்திப் படுக்கைதோறும் சென்று ஆறுதல் அளித்தார். ‘விளக்கேந்திய மங்கை’ என உலகம் அவரைப் புகழ்ந்தது.

ஆயினும், அக்குளிர்காலத்தில் இறப்புக் குறையவில்லை, மிகுந்தது. 1855 பிப்ரவரித் திங்களில் நோயாளர் நூற்றுவருள் 42 பேர் மாண்டனர். புண்ணால் மாண்டவரினும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் முதலிய நோய்களால் மாண்டவரே பலர். மருத்துவமனையின் அடியில் சாக்கடை அடைபட்டு நாறிக் கிடந்தது. மார்ச்சுத் திங்களில் அரசினர் அனுப்பிய சுகாதாரக் குழுவினர் அங்கு வந்தனர். அவர்கள் சாக்கடைகளைத் துப்புரவாக்கினர். குடிநீர் வரும் வழியைச் சீர்செய்தனர். காற்றோட்டத்திற்கு வகை செய்தனர். ஜூன் திங்களில் இறப்பு நூற்றுக்கு 2 ஆயிற்று. கனிந்த உள்ளமும் கண்துஞ்சாப் பணியும் காக்க இயலாத உயிர்களைத் தூய்மை காத்தது. இவ்வுண்மை பின்னர் அம்மையார் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

1856இல் தாயகம் திரும்பிய அம்மையார், தமக்குக் கிடைத்த புகழில் மயங்கி ஓய்ந்திருக்கவில்லை. வில்லியம் பார் என்னும் புள்ளியியல் அறிஞரின் துணைகொண்டு இறந்தோர் கணக்கை ஆராய்ந்தார். போரில்லாக் காலத்திலும், படைவீரர் குடியிருப்புகளில் இளைஞர் இறக்கும் அளவு, அதே வயதுடைய ஊர் மக்களின் அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருத்தலைக் கண்டார். எண்களின் நீண்ட வரிசையைக் கண்டால் ஆள்வோர் படிப்பரோ என ஐயுற்று, அவற்றை வண்ணப் படங்களாக வரைந்தார். தடுக்கத்தக்க நோயால் நேர்ந்த இறப்பை நீலமும், புண்ணால் நேர்ந்த இறப்பைச் சிவப்பும் காட்டின. நீலமே படமெங்கும் பரந்திருந்தது.

அக்காலத்தில் பெண்டிர்க்கு வாக்குரிமையும் இல்லை. ஆட்சி மன்றத்தில் இடமும் இல்லை. அம்மையாரோ நோயுற்றுப் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். எனினும், சிட்னி ஹெர்பர்ட் போன்ற அமைச்சர்க்கு ஓயாது மடல் எழுதினார். சான்றுகளைத் திரட்டி அளித்தார். அவர் முயற்சியால் 1857இல் படையினர் நலம் பற்றிய ஆய்வுக்குழு ஒன்று அமைந்தது. அதன்பின் படைவீரர் குடியிருப்புகள் திருத்தம் பெற்றன.

நம் நாட்டை அவர் ஒருமுறையும் கண்டதில்லை. ஆனால், இங்கிருந்த ஆங்கிலப் படையினருள் ஆண்டுதோறும் ஆயிரவரில் 69 பேர் மடிகின்றனர் என்பதை, 1863இல் வெளிவந்த மற்றோர் ஆய்வுக்குழு அறிக்கை காட்டிற்று. அக்குழுவிற்கும் அவரே உயிர்நாடியாக விளங்கினார். அதன் பயனாகச் சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மாகாணங்களில் 1864இல் சுகாதாரக் குழுக்கள் தோன்றின. படையினர் நலத்தோடு நில்லாமல், நம் ஊர்களின் குடிநீரையும் வடிகாலையும் பற்றி அம்மையார் பல்லாண்டு எழுதி வந்தார்.

1860இல் இலண்டன் மாநகரில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி நிறுவப்பெற்றது. 1910இல் அவர் மறைந்தார். அவர் பிறந்த மே 12ஆம் நாளை உலகம் செவிலியர் நாளாகப் போற்றுகின்றது.

மாணவர்களே! துன்புறுவோரைக் கண்டு இரங்குதல் மனித இயல்பு. அத்துன்பம் எதனால் வந்தது என வினவி, உண்மையைக் கண்டு, ஆள்வோர் செவியில் அது ஏறும்வரை அயராது உரைத்தல் சான்றோர் கடன். அம்மையார் ஏந்திய விளக்கு ஒரு மருத்துவமனைக்கு ஒளி தந்தது; அவர் எழுதிய கணக்கோ பல நாடுகளுக்கு வழி காட்டிற்று.