இல்லத்தில் சேர்க்கும் முன் எதைப் பார்ப்பது?

அறிவுசார் குறைபாடுள்ள மகனுக்கோ மகளுக்கோ இருபது வயது ஆகும்போது பெற்றோருக்கு ஒரு கவலை வந்தே தீரும்: நமக்கு அப்புறம் யார் பார்த்துக்கொள்வார்கள்? ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வீடுகளில் அது இன்னும் சீக்கிரமே வந்துவிடும். சிகிச்சைக்கு நிம்ஹான்ஸ் போய்ப் பழகியவர்கள், இல்லம் தேடும்போதும் பெங்களூரு பக்கமே பார்ப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் அத்திப்பள்ளியில் மாநில எல்லையைத் தாண்டினால் அதிகாரிகள் மாறிவிடுகிறார்கள்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இப்படிப்பட்ட இல்லம் நடத்தக் கூடாது. சான்றிதழ் தருவது அந்தந்த மாநிலம் நியமித்த அதிகாரி. ஆனேக்கல் வட்டத்தில் உள்ள இல்லத்தில் ஒரு பிரச்சினை என்றால், கிருஷ்ணகிரியில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரால் அங்கே போய்ச் சோதனை போட முடியாது. ஆகவே கட்டணம் கேட்பதற்கு முன் சான்றிதழைக் கேளுங்கள். எந்த மாநிலம், எந்தத் தேதி வரை செல்லும், எத்தனை பேருக்கு அனுமதி என்று பார்த்து, கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்புஜோதி ஆசிரமம் நினைவிருக்கும். 2023 பிப்ரவரியில் அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். விவகாரத்தை வெளியே கொண்டுவந்தது, அங்கே சேர்த்த முதியவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்துக்குப் போன ஆட்கொணர்வு மனு. அவரைப் பெங்களூரில் உள்ள இன்னொரு இல்லத்துக்கு அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. எனவே சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: எங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வேறு இல்லத்துக்கு மாற்றக் கூடாது. ‘என்ன நடந்தாலும் இல்லம் பொறுப்பல்ல’ என்று அச்சடித்த உறுதிமொழியில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்கிறோம்’ என்று மொத்தமாகப் பணம் கேட்டாலும் மாதாமாதம் கட்டுவதாகவே சொல்லுங்கள். மொத்தமாகக் கொடுத்துவிட்டால் பிள்ளையைத் திருப்பி அழைத்து வரவே மனம் தயங்கும்.

பதிவு இருந்தால் மட்டும் போதுமா? போதாது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை முறையாகப் பதிவானதுதான். அங்கே நோயாளிகளை அடித்துத் துன்புறுத்தியதை 2011-ல் பிபிசியின் மறைவுக் கேமரா காட்டியது. ஊழியர்கள் 11 பேர் தண்டனை பெற்றார்கள். அங்கே பணிபுரிந்த செவிலியர் ஒருவர் முன்பே புகார் கொடுத்திருந்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆக, நீங்களேதான் போய்ப் பார்க்க வேண்டும். ஞாயிறு காலை, சொல்லிவிட்டுப் போனால் விரித்த போர்வையும் பூச்சாடியும்தான் தெரியும். வார நாளில், இரவுச் சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் போங்கள். முதலில் மாத்திரைப் பதிவேடு. நாளைக்குரிய கட்டத்தில் இன்றே கையெழுத்து இருந்தாலோ, ஒரு வாரக் கையெழுத்தும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் போட்டதுபோல் இருந்தாலோ அங்கே மாத்திரை ஒழுங்காகக் கொடுப்பதில்லை என்றே கொள்ளலாம். ஃபிட்ஸ் வரும் பிள்ளைக்கு மாத்திரை திடீரென்று நின்றால் உயிருக்கே ஆபத்து. பல் துலக்கும் பிரஷ்ஷைப் பாருங்கள்: ஆளுக்கொன்று, பெயர் எழுதி, தேய்ந்து இருக்க வேண்டும். எல்லாம் புதிதாக இருந்தால் அது உங்களுக்காக வைத்தது. பிள்ளை எந்நேரமும் தூங்கி வழிந்தால் எந்த மாத்திரை, எந்த மருத்துவர் எழுதியது என்று சீட்டைக் கேட்டுப் பாருங்கள். தொந்தரவு இல்லாமல் கிடக்கட்டும் என்று மருந்து கொடுப்பதும் கட்டிப்போடுவதற்குச் சமம்தான்.

ஓசூர்க் குளிரில் எல்லா இல்லத்திலும் ஹீட்டர் ஓடும். சுடுகிறது என்று சொல்லத் தெரியாதவர் மீது ஒரு வாளி வெந்நீர் போதும், தோல் உரிந்துவிடும். வாளியில் பச்சைத் தண்ணீர் முதலில், பிறகு வெந்நீர், முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். குளிக்க வைப்பவரிடமே எப்படிச் செய்வீர்கள் என்று கேளுங்கள்.

இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், வாசல் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் விடாதீர்கள். ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் தீயில் மாட்டி, 28 பேர் இறந்தார்கள்.

வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், இல்லத்து ஊழியர் பேசுவது கன்னடமோ இந்தியோ. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இதுதான் நிலைமை. தண்ணீர், மூத்திரம், வலி, பயம் இவற்றுக்குப் பிள்ளை சொல்லும் சொல்லையும் காட்டும் சைகையையும் ஒரு தாளில் எழுதி, கட்டிலுக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள். வயிற்று வலியைச் சொல்லத் தெரியாமல் கத்துகிறவரை ‘அடங்காதவன்’ என்று அறையில் பூட்டுவது இதனால்தான் நடக்கிறது.

அடித்த தழும்போ, திடீர்ப் பயமோ தெரிந்தால் இல்ல நிர்வாகியோடு பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். மேற்சொன்ன சட்டத்தின் 7-வது பிரிவுப்படி நிர்வாக நடுவரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். ஓசூர்ப் பகுதிக்கு அது சப்-கலெக்டர். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் 1098-க்கும் சொல்லுங்கள்.

பதினெட்டு முடிந்துவிட்டால், பெற்றவர் என்பதாலேயே நீங்கள் சட்டப்படி காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் காப்பாளரை நியமிக்கும். இல்லத்தில் சேர்க்கும் தேதியைக் குறிப்பதற்கு முன் அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகத்துக்குப் போனால் அங்கேயே மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் பார்த்துப் பேசிவிடலாம்.