ஹாரிஸன் கடிகாரங்களும் அவற்றைப் பழுது பார்த்தவரும்

பழகிய யந்திரத்தைப் பழுது பார்ப்பது வேறு. முன் கண்டிராத யந்திரத்தைப் பழுது பார்ப்பது வேறு. முன்னதற்குக் கைப்பழக்கம் போதும். பின்னதற்கோ, இதனை இயற்றியவன் எதனைக் கருதி இவ்வாறு இயற்றினான் என்று ஒவ்வோர் உறுப்பையும் பார்த்து வினவும் பொறுமை வேண்டும். தொழிலாக அன்றி விருப்பத்தினாலேயே அவ்வரிய வேலையை மேற்கொண்ட ஒருவரைப் பற்றி ஈண்டு எழுதப் புகுகின்றேன். அவர் ஆங்கிலக் கடற்படை அதிகாரியாயிருந்த ரூபர்ட் கூல்டு (1890–1948) என்பார்.

அவர் எடுத்துக்கொண்ட கடிகாரங்கள் எத்தகையன என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். நடுக்கடலில் செல்லும் மாலுமி சூரியனது உயரத்தைக் கொண்டு அட்சரேகையைக் கணித்து விடுவான். தீர்க்கரேகையை அங்ஙனம் எளிதில் அறிதல் இயலாது. பூமி 24 மணியில் 360 பாகை சுழல்வதால், பாகை ஒன்றுக்கு 4 நிமிஷமாகின்றது. ஆகவே புறப்பட்ட துறையின் நேரத்தையும் கப்பல் உள்ளவிடத்து நேரத்தையும் ஒருங்கே அறிவானாயின், அவ்விரண்டின் வேறுபாடே தீர்க்கரேகையைத் தெரிவித்துவிடும். ஆனால் அலைமேல் ஆடும் கப்பலில் ஊசற் கடிகாரம் ஒழுங்காய் ஓடுமோ? 1714-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பார்லிமெண்டு, அரைப் பாகைக்கு மேற் பிழைபடாத வழியைக் காட்டுவோர்க்கு 20,000 பவுன் பரிசு விதித்தது. அரைப் பாகையாவது 2 நிமிஷம். ஆறு வாரப் பிரயாணத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 விநாடிக்கு மேல் பிழைக்க இடமில்லை.

இதனைச் சாதித்தவர் ஜான் ஹாரிஸன் (1693–1776) என்னும் தச்சர். அவர் இயற்றிய முதற் கடற்கடிகாரம் 1735-இல் முடிந்தது. ஏறக்குறைய 34 கிலோகிராம் எடையுள்ளது. நான்காவது, 1759-இல் முடிந்தது. 13 சென்டிமீட்டர் குறுக்களவே உடையது. அது 1761-இல் ஜமெய்க்காவிற்குக் கப்பலேறி, 81 நாளில் 5 விநாடியே பின்தங்கிற்று.

இத்துணைப் பெருமை வாய்ந்த கடிகாரங்களை 1920-இல் கூல்டு கிரீனிச் வானசாஸ்திர நிலையத்திற் கண்டபோது, அவை அழுக்கும் களிம்பும் ஏறி, ஓட்டமற்றுக் கிடந்தன. அரசாங்க வானசாஸ்திரியான பிராங்க் டைசனிடம் அனுமதி பெற்று, ஊதியம் யாதும் வேண்டாது, அவற்றைத் துலக்கத் தொடங்கினார். கடிகாரத் தொழிலில் அவர் எவரிடமும் பயின்றவரல்லர். உலகிலேயே ஒவ்வொன்றாய் உள்ள பொருள்களை அத்தகையவர் கையில் ஒப்புவித்த டைசனது துணிவே எனக்குப் பெருவியப்பைத் தருகின்றது.

முதற் கடிகாரத்தின் அமைப்பைச் சிறிது விரித்துக் கூறுவேன். அதில் ஊசல் இல்லை. இருதலையிலும் குண்டுகளையுடைய இரண்டு தண்டுகள், கம்பிகளாற் பிணைக்கப்பட்டு, எதிரெதிராக ஆடுகின்றன. கப்பல் சாயுங்கால் ஒன்று பெறும் ஊக்கத்தை மற்றொன்று இழப்பதால், அலையின் ஆட்டம் கணக்கிற் சேராது ஒழிகின்றது. சக்கரங்களிற் பெரும்பாலன மரத்தாலானவை. உராயும் இடங்களில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசையுடைய வன்மரம் வைக்கப்பட்டிருத்தலால் எண்ணெய் இடுதல் வேண்டா. சாதாரணக் கடிகாரம் பழுது பார்ப்பவர் எவரும் செய்யத் தலைப்படும் காரியம் எண்ணெய் இடுவதன்றோ? தாம் கற்ற தொழிலே இங்குத் தடையாகும். ஒன்றும் கல்லாதவருக்கு மறக்கவேண்டுவதும் ஒன்றுமில்லை என்பது கூல்டுக்கு ஒருவகை அநுகூலமாயிற்று என்று நினைக்கின்றேன்.

அம்முதற் கடிகாரத்தில் ஓட்டும் வில்லும், சங்கிலியும், சாவி கொடுக்கும் கருவியும் காணாமற் போயிருந்தன. விடுபட்டதை எங்ஙனம் அறிவது? ஏடு சிதைந்த செய்யுளில் இழந்த சீரை யாப்பும் பொருளும் கொண்டு ஊகிப்பதைத் தமிழ் வகுப்பினர் அறிவர். யந்திரத்திற்கு யாப்பாய் நிற்பது கணக்கு. வெறுந்துளை ஒன்று இருப்பின் அங்கே யாதோ பொருத்தப்பட்டிருந்தது; பித்தளையில் தேய்ந்த தடம் இருப்பின் அங்கே யாதோ உரசியது. பற்களை எண்ணினால் வேகம் விளங்கும். கூல்டு இவ்வாறு கண்டவற்றைப் படங்களோடு 18 குறிப்புப் புத்தகங்களில் எழுதி வைத்தார். ஹாரிஸனும் தம் கருவிகளை இத்துணைத் தெளிவாக எழுதிவைத்தாரல்லர்.

வேலை எளிதன்று. நான்காவது கடிகாரத்தின் முட்களைக் கழற்றும் உபாயம் தெரியவே அவருக்கு மூன்று நாள் சென்றது. மூன்றாவது கடிகாரமோ ஏழாண்டைக் கொண்டது. எழுநூற்றுக்கு மேற்பட்ட உறுப்புகளையுடைய அதனை ஹாரிஸனும் பத்தொன்பது ஆண்டு இழைத்து முடித்தவரே. வெப்பத்தால் வேகம் மாறாதிருக்க இரு உலோகத் தகடுகளை ஒட்டும் முறையை அவர் முதன்முதல் கையாண்டது இதில்தான்.

இவ்விடைக்காலத்தில் கூல்டின் வாழ்வும் செம்மையாய் இல்லை. 1914-இல் யுத்தம் தொடங்கியபோது நரம்புத் தளர்ச்சியுற்றுக் கப்பற் பணியை விட்டவர் அவர். 1927-இல் மனைவியையும் பிரிய நேர்ந்தது. எனினும் வேலையை விடவில்லை. கடற்கடிகாரங்களின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 1923-இலேயே ஒரு நூலும் வெளியிட்டிருந்தார். 1933 பிப்ரவரியில் முதற் கடிகாரம் மீண்டும் ஓடியது.

உறுப்புகளைப் புதிதாய்ச் செய்து சேர்ப்பதற்கு இக்காலத்துப் பொருட்காட்சிச் சாலையார் எளிதில் உடன்படார். பழையது பழையதாகவே இருத்தல் வேண்டும் என்பர். அது நியாயமே. ஆயினும் ஓடாத கடிகாரம் தன் பொருளைச் சொல்லாது என்பதும் உண்மையன்றோ? முதல் மூன்றும் இன்று கிரீனிச்சில் ஓடுகின்றன. நான்காவது மட்டும் எண்ணெயிட்டு ஓட்டவேண்டியது. தேயும் என்று அஞ்சி அதனை நிறுத்தியே வைத்திருக்கின்றனர்.