இருபதாயிரம் குழந்தைகளும் ஒரு குலுக்கலும்

நம்பிக்கை: சோதனையில் ஆட்கள் கூடக்கூட முடிவும் உறுதியாகும்.

உண்மை: ஆட்களை எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்காமல், எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுப் பயனில்லை. 1930இல் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயரில் நடந்த பால் சோதனையைப் பாருங்கள். 67 பள்ளிகள், 20,000 குழந்தைகள். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை பாதிப் பேருக்குத் தினமும் முக்கால் பைண்ட் பால். மீதிப் பேருக்கு இல்லை. யாருக்குப் பால் என்பதைச் சீட்டுப் போட்டோ அகரவரிசைப்படியோ முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஒரு பக்கம் போஷாக்கான பிள்ளைகளோ நோஞ்சான்களோ அதிகமாகச் சேர்ந்துவிட்டால் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியர்களுக்கு ஒரு சலுகையும் இருந்தது. வினை அங்கேதான். பால் கிடைக்காத பிள்ளைகள், சோதனை தொடங்கிய நாளிலேயே எடையில் சுமார் 3 மாத வளர்ச்சியும் உயரத்தில் சுமார் 4 மாத வளர்ச்சியும் முந்தி நின்றார்கள். கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்துக்கொண்டு ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் கோசெட், 1931இல் இதை அக்குவேறு ஆணிவேறாக அலசினார். ஆசிரியர்கள் தம்மையறியாமல் ஏழைப் பிள்ளைகள் பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்பது அவர் ஊகம். எலும்பும் தோலுமாக நிற்கும் பிள்ளையிடம் ‘உனக்குப் பால் கிடையாது’ என்று சொல்ல எந்த வாத்தியாருக்கு மனம் வரும்? போதாக்குறைக்கு, உடுப்போடேதான் எடை பார்த்தார்கள். பிப்ரவரியில் கனத்த குளிர் உடுப்பு, ஜூனில் மெல்லிய உடுப்பு. வசதியுள்ள பிள்ளைக்குக் கழற்ற நிறைய இருந்திருக்கும். ஏழைப் பிள்ளைக்கு அவ்வளவு இருந்திராது. பாலால் ஏறிய எடை எது, கோட்டோடு போன எடை எது?

கூட்டம் பெரிதானால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடாதா என்று கேட்கலாம். அங்குமிங்கும் சிதறும் பிழைகள் போகும். ஒரே பக்கம் சாயும் பிழை போகாது. தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தால் நூறு தடவை நிறுத்தாலும் அதே பொய்தான், கொஞ்சம் கூடுதல் தைரியத்தோடு.

சரி, குலுக்கல் மட்டும் சரிசமமாகப் பிரித்துவிடுமா? ஆசிரியர்களின் கவலையும் இதுதான், நியாயமான கவலை. ஆனால் அதற்கு வழி ஆளை மாற்றுவதல்ல. ஒத்த பிள்ளைகளை முதலில் இணை சேர்த்துவிட்டு, ஒவ்வொரு இணைக்குள்ளும் நாணயம் சுண்ட வேண்டும். ஒரே கரு இரட்டையர் 50 ஜோடி கிடைத்தால் போதும், மிகக் குறைந்த செலவில் இதைவிட நம்பகமான விடை வரும் என்றார் கோசெட். குலுக்கலில் மிஞ்சும் ஏற்றத்தாழ்வுக்குக் கணக்கு உண்டு. வாத்தியாரின் இரக்கத்துக்கு எந்தச் சூத்திரத்தில் கணக்குப் போடுவது?

உதவி தேவைப்படுவோரைக் குலுக்கலில் விடுவது அநியாயம் என்ற மறுப்புதான் கனமானது. எது நல்லது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் அநியாயம்தான். 1950களில் சென்னையில் காசநோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். ஓய்வும் ஊட்டமும் நல்ல காற்றும் இல்லாமல் இந்த நோய் தீராது என்று நம்பிய காலம் அது. இரக்கப்பட்டுப் பிரித்திருந்தால் மோசமான நிலையில் இருந்தவர்களெல்லாம் சானடோரியத்துக்குப் போயிருப்பார்கள். 1959இல் வெளியான முடிவின்படி, நெரிசலான வீடுகளில், குறைந்த சாப்பாட்டோடு மருந்து எடுத்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள்.