கொறங்காட்டுக்கு வரும் பிள்ளைக்கு

கண்ணு, காங்கேயத்துப் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காட்டைப் பிடித்து, ஆடு மாடு மேய்த்து, சுற்றியுள்ள ஊர்களுக்கே பாலும் கறியும் கொடுத்துப் பிழைக்கப் போகிறேன் என்கிறாய். கேட்கவே நிறைவாக இருக்கிறது. சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

1. ஐப்பசி மழையைப் பார்த்து உருப்படி வாங்காதே. கொழுக்கட்டைப் புல் தழைத்து நிற்கையில் இன்னும் பத்து ஆடு தாங்கும் என்றே தோன்றும். சித்திரையில் எத்தனை தாங்குமோ அத்தனைதான் உன் பட்டிக்கு அளவு.

2. காட்டை நாலாகத் தடுத்துக்கொள். ஒன்றில் மேயும்போது மற்றவை ஓயட்டும். என் அப்பா தூர் தெரிய மேயவிட மாட்டார். பாதிப் புல் வீணாகிறதே என்று பக்கத்துக் காட்டுக்காரர்கள் அங்கலாய்ப்பார்கள். விட்டுவைத்த அந்தப் பாதிதான் மண்ணை வெயிலிலிருந்து மூடியது, விதை உதிர்த்தது, பெய்த மழையை ஓடவிடாமல் பிடித்தது. ஆசையை அடக்கத் தெரிந்தவனுக்கே மேய்ச்சல் காடு நிலைக்கும்.

3. வெள்வேல் மரத்தை வெட்டாதே. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, மறு வருஷம் தமிழ்நாடு முழுக்க வறட்சி என்று அறிவித்தார்கள். அப்படிப்பட்ட கோடையில் மரத்தடியில் உதிர்கிற காய்தான் ஆட்டுக்குத் தீனி. தின்ற விதை புழுக்கையோடு விழுந்து மறுபடி முளைக்கும். வேலிக்கு முள்கிளுவையே நடு. வளர வருஷங்கள் ஆகும், ஆகட்டும்.

4. மழைக்கு முன்பே துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி போட்டுவிடு. புதுப் பச்சையை ஆடு வாரித் தின்னும் நேரத்தில்தான் அது வரும். காலையில் துள்ளித் திரிந்த ஆடு பொழுது சாய்வதற்குள் செத்துக் கிடக்கும்.

5. காங்கேயம் பசு குடம் குடமாகக் கறக்காது. கன்று குடித்தது போக மிஞ்சுவதுதான் விற்பனைக்கு. எங்கள் ஊரில் பால் ஊற்றிய ஒரு பாட்டி, பசு வற்றும் சமயத்தில் வீடு வீடாகப் போய், "இனி ஆடி மாசம்தான் சாமி" என்று சொல்லிவிட்டு வருவார். வெளியில் வாங்கி ஊற்றி ஒப்பேற்ற மாட்டார். ஆடியில் அத்தனை வீடும் அவரிடமே திரும்பி வந்தன.

6. வாங்குகிறவர்களைக் காட்டுக்குக் கூப்பிடு. சிவப்பாய்ப் பிறந்த கன்று ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பச்சை போர்த்திய கார்த்திகையில் மட்டுமல்லாமல், காய்ந்த பங்குனியிலும் கூப்பிடு. அப்புறம் பால் ஏன் குறைந்தது, கறி ஏன் இந்த விலை என்று நீ விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.