கடல் கடந்து உழைத்த தந்தை வீடு திரும்புகையில்

கல்யாணுக்கு அப்பால், கர்ஜத் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த அம்பர்நாத், பதினொன்றாம் நூற்றாண்டுச் சிவாலயத்தாலும் படைக்கலத் தொழிற்சாலையாலும் அறியப்பட்ட ஊர். மும்பையின் நெருக்கத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, சொந்த வீடு வேண்டி இப்பக்கம் குடிபெயர்ந்தன. அத்தகைய வீடொன்றின் கடன் தவணையைத் துபாயில் ஈட்டும் ஊதியத்தால் செலுத்திவரும் ஒரு தந்தையைக் கற்பனை செய்துகொள்வோம். பதினான்கு ஆண்டுப் பணி. ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பு. மகள் பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் வேளையில், அவர் நிலையாக ஊர் திரும்ப முடிவு செய்கிறார்.

முதலில் பணிக்கொடை. ஐக்கிய அரபு அமீரகத்தின் தனியார் துறைத் தொழிலாளர் சட்டப்படி, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படை ஊதியமும், அதன்பின் ஆண்டொன்றுக்கு 30 நாள் அடிப்படை ஊதியமும் கிடைக்கும். இவருடைய அடிப்படை ஊதியம் 4,000 திர்ஹாம் எனில், 105 நாளும் 270 நாளும் சேர்ந்து 375 நாள். தொகை 50,000 திர்ஹாம். வீட்டுப்படி முதலியவை இக்கணக்கில் சேரா. மொத்த ஊதியத்தை வைத்துக் கணக்கிட்டு ஏமாந்தவர் பலர். இத்தொகையைப் புறப்படும் முன்பே தமது என்.ஆர்.இ. கணக்கில் சேர்த்துவிடுதல் நலம். திரும்பிய பின் அக்கணக்கில் புதிதாகப் பணம் இட இயலாது.

இங்கேதான் மிகுதியாகத் தவறு நேர்கிறது. இந்தியாவில் உறைபவர் யார் என்பதை இரு சட்டங்கள் இரு விதமாக வரையறுக்கின்றன. 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் நோக்கத்தைப் பார்க்கிறது: நிலையாகத் தங்கும் எண்ணத்துடன் வந்திறங்கியதும் அவர் உள்நாட்டில் உறைபவர் ஆகிவிடுகிறார். வருமான வரிச் சட்டமோ நாள்களை எண்ணுகிறது. வரிக் கணக்கில் தாம் இன்னும் வெளிநாட்டவரே என்று எண்ணி, என்.ஆர்.இ. கணக்கைத் தொடாமல் விட்டுவிடுவோர் உளர். ஆனால் அக்கணக்கின் வட்டிக்குரிய வரிவிலக்கு முதற்கூறிய சட்டத்தையே பின்பற்றுகிறது. திரும்பிய நாளோடு விலக்கும் முடிகிறது. ஆதலால் வந்தவுடன் வங்கிக்குத் தெரிவித்து, அக்கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். அல்லது பணத்தை ஆர்.எஃப்.சி. எனும் அந்நியச் செலாவணிக் கணக்குக்கு மாற்றலாம். மகளின் மேற்படிப்பு வெளிநாட்டில் அமையக்கூடுமெனில் பின்னதே சிறந்தது என்பது எம் கருத்து. அதிலுள்ள பணத்தை வெளிநாட்டில் செலவிடத் தடை இல்லை. எஃப்.சி.என்.ஆர். வைப்புகளை முதிர்வு நாள் வரை ஒப்புக்கொண்ட வட்டியிலேயே தொடரலாம்.

வரிக்காகப் பயணத்தைத் தள்ளிப்போடலாமா என்று கேட்போரும் உண்டு. நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்தவர், திரும்பியபின் பொதுவாக இரண்டு ஆண்டுகளேனும் ‘வழக்கமாக உறையாதவர்’ என்ற நிலையில் இருப்பார். அக்காலத்தில் அவர் வெளிநாட்டில் ஈட்டி அங்கேயே பெற்ற ஊதியத்துக்கு இங்கு வரி இல்லை, ஆர்.எஃப்.சி. வைப்பின் வட்டிக்கும் விலக்கு உண்டு. எனவே ஊதியம் ஒன்றையே நம்பி வாழ்ந்தவர், சில வார வேறுபாட்டுக்காக மகளைக் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை.

புறப்படுமுன் அங்குள்ள கடன் அட்டைகளை முடித்து, பாக்கியில்லை என்ற சான்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். 5,000 டாலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நோட்டுகளைக் கொண்டுவந்தால் விமான நிலையச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

வீட்டுக்கடன் தவணை என்.ஆர்.இ. கணக்கிலிருந்து தானாகக் கழிக்கப்பட்டு வந்திருக்கும். கணக்கு மாறும்போது அந்த ஆணையையும் புதுப்பிக்காவிடில் அடுத்த தவணை தவறும். இத்தனை ஆண்டுகள் அத்தவணையைக் கண்காணித்து, பள்ளிக் கட்டணம் கட்டி, வரவு செலவை நடத்தியவர் இல்லத்தரசி. என்.ஆர்.இ. கணக்கில் இணைப்பெயர் இருந்தும், கணவரின் அதிகாரப் பத்திரத்தின் பேரிலேயே அவரால் பணம் எடுக்க முடிந்தது. கணக்கு உள்நாட்டுக் கணக்கானதும், ‘இருவரில் எவரேனும் அல்லது எஞ்சியவர்’ என்ற முறையில் அதை அமைத்துக்கொள்ளலாம். அந்த விண்ணப்பத்தில் கையொப்பமிட இருவரும் சேர்ந்தே கிளைக்கு வாருங்கள்.